கரிசல் இலையும் மருந்துப் படிப்பும்



மருந்துப் பொருள்களின் இயல்பை ஆராயும் கலைக்குப் பார்மகாக்னசி என்று பெயர். அக்கலையைக் கற்பிக்கும் பாடநூல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அது இலண்டனில் அச்சாகியிருப்பினும், புனேயில் அச்சாகியிருப்பினும், அதனுள்ளே நம்முடைய ஊர்ப் பெயர் ஒன்றைக் காணலாம். 'டின்னவெல்லி சென்னா' என்பது அங்கே அச்சிட்டிருக்கும் தொடர். ஆங்கிலேயர் நாவிலே டின்னவெல்லி என்று உருமாறி நிற்பது நமது திருநெல்வேலியே. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என்று பரந்து கிடக்கும் கரிசற்காடு அந்நாளில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தது. 1986-ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிந்தபோது அது தூத்துக்குடி மாவட்டத்தின் பகுதியாயிற்று. மாவட்டத்தின் பெயர் மாறிய பின்னும், மருந்து நூல்களில் அந்த இலையின் பெயர் மாறவில்லை.

நான் அக்கரிசற்காட்டிலே பிறந்து, மருந்துக் கல்வி பயின்று, அத்தொழிலிலேயே வாழ்நாளைச் செலவிட்டவன். ஆண்டுதோறும் வைகாசி மாதம் வந்துவிட்டால், பிளஸ் டூ தேறிய பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் என்னிடம் ஒரு கேள்வியோடு வருவார்கள். “ஐயா, பார்மசி படிச்சா என்ன வேலை கிடைக்கும்? மருந்துக் கடையிலே நிக்கத்தானே?” என்பது அக்கேள்வி. நியாயமான கேள்விதான். வானம் பார்த்த பூமியிலே பருத்தியும் உளுந்தும் விளைவித்த பணத்தைக் கல்லூரியிலே கட்டப் போகிறவர், பயன் என்னவென்று கேட்காமல் இருக்க இயலுமா? இன்று அதற்கு விடை கூற முற்படுகிறேன். ஒரு தொழிலின் வருங்காலத்தை அறிய விரும்புவோர், அத்தொழில் எதற்காகத் தோன்றிற்று என்பதை முன்னர் அறிதல் நலம். ஆதலால் சற்றுப் பின்னோக்கிச் சென்று, நம் ஊர் இலையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்து உழவர்கள் சென்னாவை அவுரி என்பார்கள். நீலச்சாயம் தரும் அவுரி வேறு, இது வேறு. நாட்டு மருத்துவர்கள் நிலவாகை என்றும் நிலாவாரை என்றும் வழங்குவர். மலச்சிக்கலை நீக்குவது இதன் குணம். இது நம் மண்ணிலே தானாக முளைத்ததன்று. அரபு நாட்டிலிருந்து வந்த செடி. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் இதனைத் திருந்தப் பயிரிட்டு மேல்நாட்டுக்கு அனுப்பலானார். மழை ஈரத்திலே முளைத்து, வறட்சியைத் தாங்கி வளரும் செடியாதலால் நம் மானாவாரி நிலத்துக்கு அது பொருந்திற்று. தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும். இலையை உருவி, நிழலில் உலர்த்தி, பொதியாக அழுத்திக் கட்டித் தூத்துக்குடித் துறைமுகத்திலே கப்பலேற்றினார்கள்.

அக்காலத்தில் ஐரோப்பியச் சந்தையிலே ஏற்கெனவே ஒரு சென்னா இருந்தது. நைல் ஆற்று நாடுகளில் விளைந்து, எகிப்திலே அலெக்சாந்திரியாத் துறைமுகத்தின் வழியாக வந்தமையால் அதற்கு அலெக்சாந்திரியா சென்னா என்று பெயர். குணத்திலே அது குறைந்ததன்று. ஆனால் ஆர்ஜெல் என்னும் வேறொரு செடியின் இலையை வணிகர்கள் அதனோடு கலந்துவிடுவது வழக்கமாயிருந்தது. திருநெல்வேலி இலையோ கலப்பின்றிச் சுத்தமாக வந்து சேர்ந்தது. நம் கரிசல் இலை பெயர் பெற்றதற்கு இந்த நம்பகத்தன்மை ஒரு முக்கிய காரணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயினும் நம் பக்கத்திலும் கலப்படத்துக்கு இடமில்லாமற் போகவில்லை. நம் ஊர்ச் சாலையோரங்களில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையை அறியாதார் யார்? அதன் இலையும் சென்னாவோடு கலக்கப்படுவதுண்டு. உலர்ந்தபின் இரண்டையும் கண்ணாற் கண்டு பிரிப்பது அரிது. ஆவாரை இலையிலோ மலமிளக்கும் அந்தச் சத்து இல்லை. அப்படியானால் எது உண்மை, எது போலி என்று எவ்வாறு அறிவது? மருந்துக் கல்வி பயின்ற மாணவி இலைத்தூளின் மீது 80 விழுக்காடு கந்தக அமிலத்தை விடுவாள். செந்நிறம் தோன்றினால் அதில் ஆவாரை இருக்கிறது. உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தால், ஆவாரையின் நீண்ட மயிர்கள் தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். அலெக்சாந்திரியா இலையையும் திருநெல்வேலி இலையையும் பிரித்தறிய வேண்டுமாயின், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பிலே நரம்புகளால் சூழப்பட்ட சிறு திட்டுகள் எத்தனை என்று எண்ணுவாள். முன்னதில் அவை 25 முதல் 29.5 வரை இருக்கும், பின்னதில் 19.5 முதல் 22.5 வரைதான் இருக்கும். இவ்வளவு நுட்பமாக ஓர் இலையைப் பார்க்கக் கற்பிப்பதுதான் மருந்துப் படிப்பு.

அதற்கு மேலும் ஒரு படி உண்டு. 1941-இல் சுவிட்சர்லாந்திலே ஆர்தர் ஸ்டால் என்னும் வேதியியலறிஞரும் அவருடைய துணைவர்களும் இந்த இலையிலிருந்து சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி என்னும் இரு பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். இவை வயிற்றிலே வேலை செய்வதில்லை. பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்ட பின்னரே பயன் தருகின்றன. இரவிலே உட்கொண்டால் காலையிலே பயன் தெரிவதன் காரணம் இதுவே. பாட்டி அனுபவத்தால் அறிந்து சொன்ன நேரத்துக்கு வேதியியல் காரணம் கண்டது. அதன் பின்னர், ஒரு பொதி இலையிலே சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அளவுக்குக் குறைந்ததைத் தள்ளிவிடவும் இயன்றது.

இனி, இலையை விட்டு மனிதனிடம் வருவோம். இவ்வாறு பார்த்து, அளந்து, பொறுப்பேற்கும் மனிதன் நம் நாட்டில் எப்போது தோன்றினான்?

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மருந்துக் கலையில் முறையான பயிற்சி பெற்றோர் மிகச் சிலரே. சென்னை மருத்துவக் கல்லூரியிலே 19-ஆம் நூற்றாண்டிலேயே மருந்துக் கலவை பற்றிய பாடங்கள் நடைபெற்றதுண்டு. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் நோயாளி கண்டவர் கம்பவுண்டர். முதியோர் அவரை மறந்திருக்க மாட்டார்கள். டாக்டர் சீட்டெழுதிக் கொடுப்பார்; கம்பவுண்டர் பெரிய சீசாக்களிலிருந்து ஊற்றிக் கலக்கி, நாம் கொண்டுசென்ற புட்டியிலே நிரப்பி, ஒவ்வொரு வேளைக்கும் அளவு தெரியும்படி காகிதத்தைப் பல்பல்லாய்க் கத்தரித்துப் புட்டியின் புறத்தே ஒட்டிக் கொடுப்பார். அவர்களிலே கைத்திறம் மிக்கோர் பலர் இருந்தனர். ஆனால் அவர்கள் கையாண்ட மருந்து தூயதுதானா என்பதை அறிய அவர்களுக்குக் கல்வியும் இல்லை, கருவியும் இல்லை.

மருந்துகளில் மிகப் பல கப்பலிலே வந்தன. நம் நாட்டிலேயே மருந்து செய்ய வேண்டும் என்று 1892-இல் கல்கத்தாவிலே முயன்ற ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் போன்றோர் சிலரே. சந்தையிலே போலி மருந்துகள் மலிந்தன. காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாவிலேகூடச் சத்துக் குறைந்ததும், கலப்படமானதும் விற்கப்பட்டன. மலேரியாவால் நடுங்குகின்ற ஒருவனுக்குச் சுண்ணாம்புப் பொடியைக் கொயினா என்று கொடுப்பதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? இதைத் தடுக்கும் சட்டம் அன்று நாட்டிலே இல்லை.

மக்கள் மன்றத்திலும் சட்டசபையிலும் எழுந்த குரலுக்குச் செவிசாய்த்து, 1930-இல் இந்திய அரசாங்கம் கர்னல் இராம்நாத் சோப்ராவின் தலைமையிலே மருந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. மறு ஆண்டிலே அக்குழு தன் அறிக்கையை அளித்தது. மருந்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று கூறியதோடு குழு நிற்கவில்லை. மருந்தைக் கையாளுபவனுக்குக் கல்வியும் பதிவும் வேண்டும் என்றும் அது வற்புறுத்திற்று. சட்டமும் கல்வியும் இரட்டைப் பிள்ளைகள் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள்.

கல்வி முந்திக்கொண்டது. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலே மகாதேவ லால் ஷ்ராஃப் என்னும் பேராசிரியர் 1932-இல் மருந்து வேதியியலைப் பாடமாக்கினார். 1937-இல் அங்கே பி.பார்ம். பட்டப் படிப்பு தோன்றிற்று. இந்திய மருந்துக் கல்வியின் தந்தை என்று அவர் போற்றப்படுவதற்குக் காரணம் இதுவே.

அதே 1937-இல் அமெரிக்காவிலே ஒரு பேரிடர் நிகழ்ந்தது. சல்ஃபனிலமைடு என்னும் மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்பான திரவமாக்க விரும்பிய ஒரு நிறுவனம், அதனை டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவத்திலே கரைத்து விற்றது. நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிலே பலர் குழந்தைகள். அந்நாளைய சட்டத்தின்படி அந்நிறுவனத்தின் மீது சாட்ட இயன்ற குற்றம், சாராயம் இல்லாத மருந்துக்கு ‘எலிக்சர்’ என்று தவறாகப் பெயரிட்டதுதான்! மறு ஆண்டிலே அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்திற்று. நம் நாட்டிலே 1940-இல் மருந்துச் சட்டமும், 1945-இல் அதன் விதிகளும், விடுதலைக்குப் பின்னர் 1948-இல் பார்மசிச் சட்டமும் வந்தன. 1949-இல் இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுத்தல் ஆகாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு கூறுகிறது. பழைய கம்பவுண்டர்களையும் சட்டம் கைவிடவில்லை. நெடுநாள் அனுபவமுள்ளோரை முதற் பதிவேட்டிலே சேர்த்துக்கொள்ள வழிவைத்தது. புதிதாக வருவோர்க்கு மட்டும் படிப்பு இன்றியமையாததாயிற்று.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து ஒன்று புலனாகின்றது. மருந்தாளுநர் என்னும் தொழில் மருந்தை எடுத்துக் கொடுப்பதற்காகத் தோன்றவில்லை. அதற்குக் கடைப்பையனே போதும். 'இந்தப் பொருள் உண்மையானது; இந்த அளவு சரியானது; இந்த நோயாளிக்கு இது தீங்கு செய்யாது' என்று மூன்று வாக்குக் கொடுப்பதற்காக அது தோன்றிற்று. அந்த வாக்குக்கு மதிப்பு உள்ளவரையில் தொழிலுக்கும் வருங்காலம் உண்டு.

இக்காலத்திலும் அந்த வாக்குத் தேவைப்படுகிறதா என்று ஐயுறுவோர் 2025-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு மத்தியப் பிரதேசத்திலே சிந்துவாரா வட்டாரத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதின்மருக்கு மேல் மாண்டனர். அம்மருந்து செய்யப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலே. சென்னையிலுள்ள அரசு மருந்துப் பரிசோதனைக் கூடம் அதனைச் சோதித்தபோது, 48.6 விழுக்காடு டைஎதிலீன் கிளைக்கால் இருப்பதைக் கண்டது. இருக்கலாகும் எல்லை 0.1 விழுக்காடு. 1937-இல் கொன்ற அதே நஞ்சு, 88 ஆண்டுகளுக்குப் பின்னரும் கொன்றது. மூலப்பொருளைச் சோதிக்க வேண்டிய இடத்திலே சோதனை நடவாமல் போனது இத்தொழிலின் வீழ்ச்சி. நஞ்சைக் கண்டு எண்ணிக்கையோடு உரைத்தது இத்தொழிலின் கல்வி. எந்தப் பக்கத்திலே நிற்கப் போகிறோம் என்பதே இப்படிப்பிலே சேரும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இனிப் பெற்றோரின் கேள்விக்கு நேராக விடை கூறுகிறேன்.

படிப்பிலே சில படிகள் உள்ளன. முதற்படி டி.பார்ம். என்னும் பட்டயம். இரண்டாண்டுப் பாடமும், அதன்மேல் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் கொண்டது. இதை முடித்தவர் மாநிலப் பார்மசி கவுன்சிலிலே பதிவு செய்துகொண்டு மருந்தாளுநர் ஆகலாம். அடுத்தது பி.பார்ம்., நான்காண்டுப் பட்டம். பட்டயம் பெற்றவர் விரும்பினால் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலே நேராகச் சேரலாம்; ஆதலால் பணமில்லாத வீட்டுப் பிள்ளை பட்டயத்தோடு தொடங்குவதிலே இழப்பு ஒன்றுமில்லை. 2008-இல் வந்த ஃபார்ம்.டி. ஆறாண்டுப் படிப்பு, மருத்துவமனையிலே மருத்துவரோடும் நோயாளியோடும் நெருங்கி நின்று பணியாற்றுவோர்க்கு உரியது. பட்டத்துக்கு மேல் இரண்டாண்டு எம்.பார்ம். உண்டு. தமிழ்நாட்டில் இப்படிப்புகளை நடத்தும் கல்லூரிகள் பல. சேருமுன் ஒன்றை மட்டும் தவறாது பாருங்கள்: அக்கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் ஒப்புதல் இருத்தல் வேண்டும். ஒப்புதல் இல்லாத இடத்திலே பெற்ற சான்றிதழால் பதிவு கிட்டாது. பதிவு இல்லையேல் தொழில் இல்லை.

வேலைகளைக் கூறுவேன். அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்தாளுநரை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. பட்டம் பெற்றோர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி மருந்து ஆய்வாளர் ஆகலாம். கடையிலும் தொழிற்சாலையிலும் புகுந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருடையது. 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்தை ஒருமுகமாக வாங்கி, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பி, மாவட்டக் கிடங்குகளின் வழியாக வழங்குகிறது. பிற மாநிலங்களும் பின்பற்றிய அமைப்பு அது. தொழிற்சாலைகளிலே உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, உரிம ஆவணம் என்று பல பிரிவுகள் உள்ளன. ஆனால் அவற்றுக்காகச் சென்னை, புதுச்சேரி, ஓசூர், ஐதராபாத் என்று கரிசலைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும். சொந்தக் கடை வைக்க விரும்புவோர்க்கும் வழியுண்டு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 1000 முதல்வர் மருந்தகங்களிலே ஒரு பகுதி மருந்துப் படிப்புப் படித்த தனியார்க்கு, 3 இலட்சம் ரூபாய் மானியத்தோடு வழங்கப்பட்டது.

இவ்வளவும் கூறியபின் ஓர் உண்மையை மறைப்பது அறமாகாது. தொடக்கத்திலே சம்பளம் குறைவு. படித்து வெளிவருவோர் மிகுதி. அரசு வேலைக்குக் காத்திருக்க வேண்டும். இந்த நெருக்கடியிலே சிலர் ஒரு குறுக்கு வழியைக் காண்கிறார்கள். தம் சான்றிதழை ஒரு கடைச் சுவரிலே தொங்கவிட்டு, மாதந்தோறும் ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு, தாம் வேறெங்கோ வேறு வேலை பார்க்கிறார்கள். கடையிலே மருந்து எடுத்துக் கொடுப்பவர் படியாதவர்; சுவரிலே தொங்குவது படித்தவருடைய பெயர். ‘யாருக்கு என்ன நட்டம்?’ என்று கேட்பர். நட்டம் முதலிலே நோயாளிக்கு; அடுத்து அவருக்கே. ஆள் இல்லாமல் காகிதம் மட்டும் போதும் என்று கடைக்காரருக்குக் கற்பித்தவர் அவர்தாமே! காகிதத்துக்குக் காகிதத்தின் கூலிதான் கிடைக்கும். மருந்தாளுநரின் சம்பளம் ஏன் உயரவில்லை என்று கேட்பவர்கள், வாடகைக்குப் போன சான்றிதழ்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். விளாத்திகுளம் பக்கத்து மிளகாய்ச் சம்சாரி ஒருவர், வயது எழுபதிருக்கும், இரண்டு டாக்டர்களின் சீட்டோடு ஒரு கடைக்கு வந்தார். அங்கே நின்றது, படிப்பு முடித்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண். “தாயி, இந்த மாத்திரை ரெண்டையும் காலையிலே ஒண்ணாப் போட்டுக்கிடலாமா?” என்று கேட்டார் அவர். அப்பெண் இரண்டையும் பார்த்தாள். பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, நிறுவனம் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றே. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு. இரண்டையும் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போயிருந்தால், வெயிலிலே மயங்கி விழுந்திருப்பார், எழுந்திருப்பாரோ, மாட்டாரோ! “தாத்தா, கொஞ்சம் உட்காருங்க” என்று அவரைப் பெஞ்சிலே அமர்த்திவிட்டு, டாக்டரோடு தொலைபேசியிலே பேசி, ஒன்றை நிறுத்தினாள். அன்று கடைக்கு ஓர் அட்டை மாத்திரை விற்பனை குறைந்தது. அந்தச் சம்சாரியும் அவர் வீட்டாரும் அதன்பின் வேறு கடைக்குப் போகவில்லை.

கரிசற்காட்டிலே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமாயின் கோவில்பட்டிக்கும், திருநெல்வேலிக்கும், மதுரைக்கும் பேருந்து ஏற வேண்டும். அன்றாடக் கூலிக்காரர் அதற்கு முன்னே வந்து நிற்கும் இடம் மருந்துக் கடைதான். அவ்விடத்திலே படித்தவர் ஒருவர் இருந்தால், எந்தக் காய்ச்சலை வீட்டிலே பொறுக்கலாம், எதற்கு உடனே பேருந்து ஏற வேண்டும் என்று சொல்வார். சீட்டில்லாமல் விற்கலாகாத மருந்தை விற்க மறுப்பார். தொடங்கிய நோயுயிரெதிரி மருந்தை இரண்டு நாளிலே நிறுத்தாதே என்று கண்டிப்பார். இவை புத்தகத்திலே உள்ளவைதான். ஆயினும் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

நம் நிலத்துக்கென்றே ஒரு பணியும் காத்திருக்கிறது. கோவில்பட்டியிலே 1901-இல் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், கரிசலிலே எது விளையும் என்று நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. விளைந்ததின் சத்தை அளக்கும் கல்வியும் இவ்வட்டாரப் பிள்ளைகள் கையிலே சேருமாயின், இலையைப் பொதியாகக் கட்டி எடைக்கு விற்கும் உழவர், அதன் சென்னோசைடு அளவைச் சொல்லி விலை பேச இயலும். உழவர் கூட்டமைப்பு ஒன்றுக்குச் சிறு சோதனைக்கூடம் அமைத்துக் கொடுக்கும் தகுதி, பார்மகாக்னசியிலே எம்.பார்ம். படித்த ஒருவருக்கு உண்டு. அது எளிதான வேலையென்று நான் கூறவில்லை. செய்யத்தக்க வேலை என்று கூறுகிறேன்.

ஆகவே, பிள்ளையைப் பார்மசியிலே சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோர்க்கு நான் சொல்லும் விடை இது. வேறு படிப்புக் கிடைக்கவில்லையே என்னும் ஏக்கத்தோடு சேர்க்காதீர்கள். வேதியியலிலே விருப்பமும், சிறு எழுத்தைப் பொறுமையோடு படிக்கும் கண்ணும், வேண்டியபோது ‘தர இயலாது’ என்று சொல்லும் துணிவும் உள்ள பிள்ளையா என்று பாருங்கள். அப்படியாயின் தயங்காமல் சேருங்கள். பதிவு எண் கிடைத்த நாளிலே அப்பிள்ளையிடம் ஒரே ஒரு வாக்குறுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தன் சான்றிதழ் எந்தச் சுவரிலே தொங்குகிறதோ, அந்தச் சுவருக்கு முன்னே தானும் நிற்க வேண்டும்.